ஏழாவது நிறுத்தத்தில் சொல்லவும்

லிஃப்ட்காரருக்கு நடக்கத் தெரியாது என்பது அவருடைய அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முறைப்படி கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் நடைப் பண்பாட்டுக் கழகத்தின் வாசல் அதிகாரி. வெள்ளைக் கையுறை போட்ட அந்த மனிதர், தரையில் விரித்திருந்த பச்சைக் கம்பளத்தின் மேல் லிஃப்ட்காரரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்று தடவை நடக்கவிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

நகரத்தில் நாலு பேர் மதிக்கிற மாதிரி வாழ்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாளாவது காலால் நடந்து பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லிக்கொள்கிற பகுதி அது. ஒரு காலத்தில் கயிறும் சாக்கும் தோலும் அடுக்கிவைத்த கிடங்குகள் இருந்த இடம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள். இப்போது கிடங்குகள் காப்பிக் கடைகளாகவும், கதவுக் கைப்பிடி மட்டும் விற்கிற கடைகளாகவும், பெரிய கூடத்தில் ஒரே ஒரு சட்டையைத் தொங்கவிட்டு அதற்கு நாலு விளக்குப் போட்ட கடைகளாகவும் ஆகிவிட்டன. ஆள் ஆளுக்கு நடந்தால் தெரு தேய்ந்துவிடும் என்று யாருக்கோ கவலை வந்தது. கவலைப்படுவதற்கென்று ஒரு கழகம் வைத்தார்கள். கழகம் வந்ததும் டிக்கெட் வந்தது, டிக்கெட் வந்ததும் வரிசை வந்தது, வரிசையைப் பார்த்ததும் பகுதியின் மவுசு எகிறிவிட்டது.

"நீங்க எங்கயோ போற மாதிரி நடக்குறீங்க சார்," என்றார் வாசல் அதிகாரி.

நடப்பது போவதற்குத்தானே என்று லிஃப்ட்காரர் பணிவாகக் கேட்டார். அதிகாரி கையுறையைக் கழற்றி, மடித்து, மறுபடி போட்டுக்கொண்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே அவரை அந்த வேலையில் வைத்திருந்தார்கள் என்று தோன்றியது.

"நடக்குறவங்க ரெண்டு வகை சார். எங்கயாவது போய்ச் சேரணும்னு நடக்குறவங்க ஒண்ணு. சும்மா நடக்கணும்னு நடக்குறவங்க ஒண்ணு. முதல் வகை ஆளுங்க இதே தெருவுலதான் குடியிருந்தாங்க. பால் வாங்கப் போறது, வேலைக்குப் போறது, பிள்ளைய ஸ்கூல்ல விடப் போறதுன்னு காலையில இருந்து ஒரே நடமாட்டம். தெருவைக் கண்கொண்டு பாக்க முடியல. அவங்களை எல்லாம் வெளிய அனுப்பிவைக்க எங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு. இப்பதான் தெரு தெருவா இருக்கு."

பிறகு அவருக்கு உலா நடை கற்றுக்கொடுத்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். ஏழு அடிக்கு ஒரு தரம் நிற்க வேண்டும். நின்றதும் தலையை இடதுபக்கம் கொஞ்சம் சாய்த்து, மாடியில் ஏதோ இருப்பதுபோல் பார்க்க வேண்டும். மாடியில் ஒன்றும் இல்லையே என்று கேட்கக் கூடாது. லிஃப்ட் மாட்டுகிற வேலையில் வாழ்நாள் பூராவும் குழிக்குள் தலையைக் கவிழ்த்தே பழகிய கழுத்து, மேலே பார்க்க மறுத்தது. கடைசியில் 'தேர்ச்சி, தற்காலிகம்' என்று ஒரு அட்டையை அவர் கழுத்தில் மாட்டினார்கள். அதன் பின்பக்கம் 'பார்வையாளர் பதினாலு' என்று இருந்தது.

அட்டையை மாட்டும்போதே லிஃப்ட்காரர் தன் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். தனக்கு உலாவ வேண்டும் என்று ஆசையெல்லாம் இல்லை, இங்கே வழிகாட்டியாக வேலை பார்க்கிற பெண் தன் மகள், அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு வந்த வழியே போய்விடுவேன் என்றார். அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சீசன் நடக்கும்போது வழிகாட்டிகளுக்கு உறவினர்கள் கிடையாது என்றார். சீசன் முடிந்ததும் உண்டாம்.

அந்த ஒரு வார்த்தை என்னவென்றால், மகளுடைய அம்மா இறந்துபோய்விட்டாள் என்பதுதான். பதினோரு நாள் ஆகிவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது.

தெரிவிக்க அவர் முயற்சி செய்யாமல் இல்லை. வழிகாட்டிகள் கழகத்தின் விடுதியில்தான் தங்க வேண்டும், போன் மண்டைக்குள் புகுந்துவிட்டால் உலாவின் நிதானம் போய்விடும் என்று எல்லாருடைய போனையும் ஒரு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் அவர் கழகத்தின் அலுவலகத்துக்கு போன் போட்டார். போனை எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசி, 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா' என்ற செய்தியை வாங்கி, அது எந்த வகையில் வரும் என்று பார்த்து, 'குடும்ப ஏக்கம்' என்ற பெட்டியில் போட்டாள். அந்தப் பெட்டியைச் சீசன் கடைசியில் திறப்பார்கள். நாலாம் நாள் அவர் மறுபடி போன் போட்டு, இப்போது விஷயம் வேறு என்று சொல்லி அழுதார். ஒரே ஆளிடமிருந்து ஒரே வகையில் இரண்டு செய்தி வந்தால் சேர்த்துப் பின் அடித்து வைப்பது வழக்கம் என்று அவள் ஆறுதல் சொன்னாள். நேரில் போனால் டிக்கெட் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். டிக்கெட் கேட்டால் பத்து நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. அந்தப் பத்து நாளும் லிஃப்ட்காரர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். அந்த நடையைக் கழகம் பார்க்கவில்லை.

இன்றைக்குத் தெருவின் கம்பிக் கதவு திறந்ததும் உள்ளே மகள் நின்றிருந்தாள்.

நீலக் கோட்டும் வட்டத் தொப்பியுமாக, கையில் ஒரு சின்னக் குடையைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மூன்று வயதில் அம்மாவின் துணி நுனியைப் பிடித்துக்கொண்டு கூவென்று கத்தியபடி வீடு முழுக்க ஓடுவாள் என்பதால் அவளுக்கு வீட்டில் ரயிலு என்று பெயர். அந்த ரயிலு இப்போது ஏழு அடிக்கு ஒரு தரம் நின்று, தலையைச் சாய்த்து, எல்லாரையும் வரவேற்றாள். இவரைப் பார்த்ததும் குரல் ஒரு நொடி தடுக்கியது. உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது, உடனே அடக்கிக்கொண்டாள். பிறகு, வேறு எதையோ பார்ப்பதுபோல, அவர் முதுகுக்குப் பின்னால் கதவுப் பக்கம் பார்த்தாள். ஒரு தடவை பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள்.

யாரைத் தேடுகிறாள் என்று லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு முட்டிவலி, அதனால் அப்பா மட்டும் வந்திருக்கிறார் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள் என்பதும் அவள் முகத்தில் தெரிந்தது. அப்பா தன் வேலையைப் பார்க்க ஆசையாக வந்திருக்கிறார் என்று அவள் நிமிர்ந்து நின்றாள். குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

அவர் ஓர் அடி முன்னே வைத்தார். உடனே தோளில் ஒரு விரல் தட்டியது. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மேற்பார்வையாளர் நோட்டும் பென்சிலுமாக வந்துகொண்டிருந்தார். வழிகாட்டியிடமிருந்து நாலடி தள்ளித்தான் நடக்க வேண்டும் என்று காதருகில் சொன்னார். வழிகாட்டி, கழகம் எழுதிக்கொடுத்த உரையில் இல்லாத ஒரு சொல்லைப் பேசினால் அவளுக்கு ஒரு மதிப்பெண் குறையும், ஐந்து குறைந்தால் விடுதி அறையும் வேலையும் போகும் என்று அதையும் சேர்த்துச் சொன்னார். எச்சரிக்கை மாதிரி சொல்லவில்லை. கடை திறக்கும் நேரத்தைச் சொல்வது மாதிரி சொன்னார்.

மொத்தம் பதினாலு பேர். பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஓர் அம்மா இருந்தார். அவருக்குப் பார்த்ததெல்லாம் பிடித்தது. குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கூட எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்றார்.

இரண்டாவது நிறுத்தத்தில் எதிர்பாராத சந்திப்பு நடந்தது. பத்து நாற்பதுக்கு நடக்கும் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். ஒரு மாடிச் சன்னல் திறந்து ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ஈரப் படுக்கைவிரிப்பை வெளியே உதறினாள். கீழே பார்த்து, அடடா, ஆட்களா, நான் கவனிக்கவே இல்லையே என்று வெட்கப்பட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் அந்த வீட்டில்தான் முப்பது வருஷம் குடியிருந்தவள் என்று ரயிலு உரையில் சொன்னாள். உரையில் இல்லாததை மேற்பார்வையாளர் பெருமையோடு சொன்னார். இப்போது நகரத்துக்கு வெளியே இருந்து தினமும் காலை கழகத்தின் பஸ்ஸில் வந்து, மாலை வரை குடியிருந்துவிட்டுப் போகிறாளாம். உண்மையாகக் குடியிருந்தபோது இவ்வளவு இயல்பாக உதற மாட்டாள், பயிற்சி கொடுத்த பிறகுதான் கை வந்தது என்றார்.

லிஃப்ட்காரருக்கு எதுவும் காதில் விழவில்லை. சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தொண்டைவரை வரும். மகள் திரும்புவாள். கண் பளபளவென்று இருக்கும். வந்த சொல்லை மென்று விழுங்கிவிட்டு மாடியைப் பார்ப்பார். அவருடைய உலா நடை தேறிவருவதாக மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது நிறுத்தம் ஒரு பழைய கயிற்றுக் கிடங்கு. உள்ளே போனதும் லிஃப்ட்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள மறந்துவிட்டார். நடுக்கூடத்தில், கண்ணாடிச் சுவருக்குள், நாலு பக்கமும் விளக்குப் போட்டு ஒரு சரக்கு லிஃப்ட் நின்றது. 'ஏறுகூண்டு. நூற்றைம்பது ஆண்டுப் பழமை. செய்தவர் தெரியவில்லை' என்று பலகை சொன்னது. அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கையால் போட்ட லிஃப்ட். எதிர் எடைக்கு வார்ப்பிரும்புக் கட்டி கிடைக்காமல் ரயில் தண்டவாளத் துண்டுகளை அறுத்து அடுக்கியது அவர்தான். கம்பிக் கதவின் இடதுபக்கக் கீழ்க் கீலில் வெல்டிங் கொஞ்சம் புடைத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு மழை, வெல்டிங் குச்சி நனைந்துவிட்டது. அந்தப் புடைப்பை நினைத்து ரொம்ப நாள் அவர் வெட்கப்பட்டதுண்டு. இப்போது அதற்கென்று தனியாக ஒரு விளக்கும், 'கைவினையின் நடுக்கம்' என்று ஒரு தலைப்பும் வைத்திருந்தார்கள். வைக்கோல் தொப்பி அம்மா அதன் முன் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது நான் போட்டதுங்க," என்றார் லிஃப்ட்காரர்.

நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு மஞ்சள் சீட்டைக் கிழித்து நீட்டினார். 'வரலாற்றில் குறுக்கீடு, முதல் தடவை' என்று இருந்தது. நூற்றைம்பது வருஷம் என்று கழகத்தின் குழு ஓட்டெடுத்து முடிவு செய்ததாகவும், அதை ஒருத்தர் வந்து இருபத்திரண்டு என்றால் மீதி வருஷங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் கேட்டார்.

அப்போதுதான் ரயிலு அந்தக் காரியத்தைச் செய்தாள். குடையைத் தாழ்த்தி, லிஃப்டைப் பார்த்துக்கொண்டு, உரையின் குரலிலேயே பேசினாள்.

"இதைச் செஞ்சவர் யாருன்னு தெரியல. ஆனா அவரைப் பத்தி ஒரு கதை உண்டு. வேலையில இறங்கிட்டார்னா அவருக்குச் சாப்பாட்டு ஞாபகமே இருக்காதாம். அவரோட மனைவி மதியச் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு, பொண்ணையும் கையில பிடிச்சுக்கிட்டு இங்க வந்து நிப்பாங்களாம். இந்தக் கம்பிக் கதவுல கரண்டியால தட்டுவாங்களாம். அவர் குழியை விட்டு மேல ஏறி வர்ற வரைக்கும் விடாம தட்டுவாங்களாம். இன்னிக்கும் அந்தம்மா அப்படித்தான், அவங்க தட்டினா அவர் வந்துதான் ஆகணும்னு சொல்லுவாங்க."

கூட்டம் சிரித்தது. மேற்பார்வையாளர் நோட்டைப் புரட்டினார். இந்தக் கதை அங்கீகரிக்கப்பட்டதா என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் தொப்பி அம்மா கை தட்டிவிட்டதால் ஒரு மதிப்பெண்ணைக் கழித்து எழுதியதைப் பிறகு அடித்துவிட்டார். ரயிலு தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். எப்படி, அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க என்றது அந்தப் பார்வை. உரைக்குள் ஒளித்துவைத்து அவளால் கொடுக்க முடிந்த பரிசு அது ஒன்றுதான். கொடுத்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

இனிமேல் தாங்காது என்று லிஃப்ட்காரருக்கு ஆகிவிட்டது.

நாலாவது நிறுத்தம் கேள்வி நேரம். ஒருவருக்கு ஒரு கேள்வி. கேள்வியைச் சீட்டில் எழுதி முதலில் மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். லிஃப்ட்காரர் 'வழிகாட்டியோடு ஒரு நிமிஷம் தனியாகப் பேசலாமா' என்று எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, கேள்வி பகுதியைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, எழுதத் தெரியாதவர்களுக்காக அச்சடித்து வைத்திருக்கும் கேள்விகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஓரமாக இழுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி, போன், பெட்டி, பதினோரு நாள், எல்லாம்.

மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் அல்ல. தொப்பியைக் கழற்றினார். அவருக்கும் அம்மா இருந்திருப்பாள். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, நோட்டைத் திறந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். நீங்க நினைக்கிற மாதிரி துக்கம் எங்களுக்கு விரோதி இல்ல. துக்கமே இல்லாத தெருவுல யார் நடப்பா? அதுக்குன்னே ஏழாவது நிறுத்தத்துல இடம் ஒதுக்கியிருக்கோம். பிரிவுத் தருணம்னு பேரு. வழிகாட்டி ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு விடை கொடுப்பாங்க, கண் கலங்குவாங்க. உங்க விஷயத்தை அங்க சொல்லிக்கலாம், நான் ஒண்ணும் தடுக்க மாட்டேன். இப்ப சொல்லிட்டீங்கன்னா அஞ்சும் ஆறும் கெட்டுப்போயிரும். அஞ்சாவது நிறுத்தம் சந்தோஷம் சார். வந்தவங்க பத்து நாள் காத்திருந்து வந்திருக்காங்க."

நானும் பத்து நாள் காத்திருந்தேன் என்று லிஃப்ட்காரர் சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். ரயிலு ஒரு கிழவருக்கு ஓடு வேய்வதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் எதற்கோ சிரித்தாள், அவள் அம்மா சிரிக்கிற மாதிரியே மூக்கைச் சுருக்கிக்கொண்டு. சரி என்றார் லிஃப்ட்காரர். மேற்பார்வையாளருக்காகச் சொல்லவில்லை. ஏழாவது நிறுத்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரம் அவளுக்கு அம்மா இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்.

அவர் முறை வந்தது. கையில் இருந்த அச்சடித்த சீட்டைப் படித்தார்.

"இந்தச் சன்னலுக்கு எல்லாம் ஏன் பச்சை அடிச்சிருக்கு?"

"நல்ல கேள்வி," என்றாள் அவருடைய மகள், குரலில் சிரிப்போடு. பச்சைக்குக் காரணம் சொன்னாள். மூன்று காரணம் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஐந்தாவது நிறுத்தத்தில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கழகத்தின் கைப்புத்தகத்தில் போட்டிருந்தபடி ஒரு குறுக்குச்சந்தில் வழி தவறி, தவறிய இடத்தில் தயாராக இருந்த காப்பிக் கடையைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். லிஃப்ட்காரரும் காப்பி குடித்தார். மகள் நாலடி தள்ளி நின்று, அவர் காலிக் கோப்பையை மறுபடி மறுபடி வாயில் வைப்பதைக் கவனித்தாள். வயசாகிவிட்டது அப்பாவுக்கு என்று நினைத்திருப்பாள். ஆறாவது நிறுத்தத்தில் என்ன இருந்தது என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

ஏழாவது நிறுத்தம் தெரு முடிகிற இடத்தில், வெளிவாசலுக்கு முன்னால், கருங்கல் ஓரம் கட்டிய ஒரு சின்னச் சதுக்கம். சுவரோரமாக ஒருத்தர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். பார்வையாளர்களை அரைவட்டமாக நிற்க வைத்தார்கள். ரயிலு பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். ஒவ்வொருவர் முன்பாகவும் நின்று, கையைப் பிடித்து, உங்கள் காலடி இந்தக் கல்லில் இருக்கும் என்று சொன்னாள். அடுத்த ஆளிடம் போகும் முன் கைக்குட்டையால் கண்ணோரத்தைத் தொட்டாள். கண் நிஜமாகவே கலங்கியது. தொப்பி அம்மாவிடம் சொல்லும்போது ஒரு சொட்டு கன்னத்தில்கூட இறங்கியது. மேற்பார்வையாளர் அதை எழுதிக்கொண்டார்.

பதினாலாவது ஆள் லிஃப்ட்காரர்.

அவள் கை சில்லென்று இருந்தது. உங்கள் காலடி என்று ஆரம்பித்தாள். ஆரம்பிக்கும்போதே கட்டைவிரலால் அவர் உள்ளங்கையை ரகசியமாக ஒரு அழுத்து அழுத்தினாள்.

"ரயிலு," என்றார் அவர். "உங்கம்மா நம்மள விட்டுப் போயிட்டாம்மா."

அவள் வாய் உரையின் அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டது. இந்தக் கல்லில் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்போ?"

"போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய். மத்தியானம்."

அவள் கணக்குப் போடுவதுபோல உதட்டை அசைத்தாள். "அன்னிக்கு எனக்கு மூணு உலாப்பா," என்றாள். "மூணு தடவையும் இங்க நின்னு அழுதேன். யார் யாரோ வீட்டுக்குப் போறாங்கன்னு அழுதேன்."

பிறகு அவள் அழுத அழுகைக்குக் கைக்குட்டை போதவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அவரும் அழுதார். பதினோரு நாளாகத் தனியாக அழுது அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. முதலில் தொப்பி அம்மாதான் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கைதட்டல் நீண்டுகொண்டே போயிற்று. வயலின்காரர் அதற்குத் தகுந்த மாதிரி சுருதியை ஏற்றினார். டிக்கெட்டின் மறுபாதியில் நட்சத்திரம் போடும் இடத்தில் ஐந்தும் பத்தாமல் ஒருத்தர் ஆறாவதாக ஒன்று வரைந்து கொடுத்தார்.

எல்லாரும் வெளிவாசல் வழியாகப் போன பிறகு மேற்பார்வையாளர் மெதுவாக வந்தார். கண் சிவந்திருந்தது. இத்தனை வருஷத்தில் பிரிவுத் தருணத்துக்கு இப்படி ஒரு மதிப்பெண் விழுந்ததில்லை என்றார். ஈரம், குரல், நிற்கும் விதம் எல்லாவற்றிலும் முழுசாக விழுந்திருக்கிறது என்றார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு ஈரம் செய்துகொண்டார்.

"நீங்க அவங்ககிட்ட சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு தடவை சொல்லுங்க சார்."

எதற்கு என்று கேட்கக்கூட லிஃப்ட்காரருக்குத் தோன்றவில்லை. சொன்னார். மேற்பார்வையாளர் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ரயில் என்ற சொல் மட்டும் இடிக்கிறது, நம் பகுதியில் ரயில் கிடையாதே, அதை எடுத்துவிடலாம் என்றார். அம்மா என்பதைப் பெரியம்மா என்று மாற்றினால் நல்லது, பார்வையாளர்களில் நிறையப் பேர் தாய்மார்கள், சங்கடப்படுவார்கள் என்றார். இரண்டு மணி உலாவுக்கே வைத்துப் பார்க்கலாம், அதற்கு உங்களாலும் இருக்க முடியுமா என்று லிஃப்ட்காரரைக் கேட்டார். முடியாவிட்டால் பரவாயில்லை, பஸ்ஸில் வருகிறவர்களில் ஒருவரைப் பழக்கிக்கொள்ளலாம் என்றார்.

ரயிலு லீவு கேட்டாள். துக்க லீவுக்கு விவரம் தெரிந்த மூன்று நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இவள் விஷயத்தில் விவரம் அலுவலகத்துக்கு வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது, பெட்டியில் தேதி போட்டு இருக்கிறது. காலக்கெடு தாண்டிவிட்டதில் தனக்கும் வருத்தம்தான் என்றார் மேற்பார்வையாளர்.

ரயிலு குடையைக் கீழே வைத்தாள். சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த கருங்கல் திட்டில் போய் உட்கார்ந்தாள். உலாப் பாதையில் யாரும் உட்காரக் கூடாது. லிஃப்ட்காரரும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் இருவரையும் எழுந்திருக்கச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த கூட்டம் முனையில் திரும்பி வந்துகொண்டிருந்தது, வரும்போதே இரண்டு பேர் கேமராவைத் தூக்கிவிட்டார்கள். மேற்பார்வையாளர் திறந்த வாயை மூடினார். பிறகு அவரும் வயலின்காரரும் சேர்ந்து நாலு பித்தளைத் தூணைக் கொண்டுவந்து வைத்து, அப்பாவையும் மகளையும் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். ஒரு அட்டையில் 'எட்டாவது நிறுத்தம், சோதனை முறையில்' என்று எழுதி மாட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தின் வழிகாட்டி ரயிலு தங்கியிருந்த விடுதியிலேயே தங்குகிறவள். ரயிலுவைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. இருந்தாலும் மேற்பார்வையாளரைப் பார்த்துவிட்டு, குடையைத் தூக்கி, இங்கே நாம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நிற்கலாம் என்றாள். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கயிற்றுக்குள்ளே ரயிலு அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். வெளியே நிற்கிறவர்கள் அவள் கண்ணில் படவே இல்லை.

"அம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களாப்பா?"

"கேட்டா. கடைசி வரைக்கும் அது ஒண்ணுதான் கேட்டா." என்றார். "நாள் பூரா நடக்குறாளே, கால் வலிச்சா யார்கிட்ட சொல்லுவான்னு கேட்டா."

அவள் தன் காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வலிக்குதுப்பா," என்றாள்.

லிஃப்ட்காரர் கல்லை விட்டு இறங்கி அவள் காலடியில் உட்கார்ந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.